சாப்பாட்டோட எடுக்கிறதா, சாப்பாடில்லாமயா?

எங்க ஸ்கூல் ஸ்டாஃப் ரூம்ல இப்ப இந்த விசயத்துக்கு நான்தான் பெரிய ஆளு. யாராச்சும் பிள்ளைகளைக் கூட்டிக்கிட்டு, நுவரெலியாவுக்கு அந்தப் பக்கம் புதுசா திறந்திருக்கிற ராட்டினப் பார்க்குக்குப் போறாங்கன்னா, போன்ல விளம்பரத்தைத் திறந்து வச்சுக்கிட்டு நேரா என் மேசைக்குத்தான் வர்றாங்க. ராட்டினம் எப்படி, குளிர் எப்படி, ரூம் சுத்தமா இருக்குமா, அதெல்லாம் கேக்கிறதில்ல. "டீச்சர், சாப்பாட்டோட எடுக்கிறதா, சாப்பாடில்லாம எடுக்கிறதா?" இது ஒண்ணுதான் கேள்வி.

தெரியாதவங்களுக்குச் சொல்லிடறேன். அந்தப் பார்க்குக்கு உள்ளயே தங்குறதுக்கு ஹோட்டலும் இருக்கு. ரூமுக்குக் கட்டும்போதே சாப்பாட்டுக்கும் சேர்த்துக் கட்டிட்டா, கையில ஒரு பட்டி மாட்டி விடுவாங்க. வேளா வேளைக்கு அந்தப் பட்டியைக் காட்டிட்டு உள்ள போய் வயிறு முட்டத் தின்னலாம். அதுக்குப் பேரு சாப்பாட்டு பெக்கேஜ். அது பெறுமதியா இல்லையான்னு நான் ஒரே வார்த்தையில சொல்லிடலாம். ஆனா எனக்கு ஒரே வார்த்தையில பேசிப் பழக்கமில்ல.

என் தங்கச்சி எட்டு வருசமா வெளிநாட்டுல ஒரு வீட்டுல சமையல் வேலை செய்றா. போகும்போது அவ மகளுக்கு ரெண்டு வயசு. தகப்பன்காரன் கதை இங்க வேணாம், அவன் ஒழுங்கா இருந்திருந்தா இவ எதுக்குப் போறா? பிள்ளையை என் இடுப்புல வச்சுட்டுத்தான் போனா. எனக்குன்னு பிள்ளை இல்ல. இடுப்புல வச்சதை நான் இறக்கவே இல்ல. நடுவுல ஒருக்கா தங்கச்சி ஒரு மாசம் வந்தப்ப, பிள்ளை அவளைப் பார்த்துட்டுக் கட்டிலுக்கு அடியில பூந்துக்கிச்சு. போன ஆகஸ்ட் லீவுலதான் திரும்ப வந்தா, ஒன்றரை மாசத்துக்கு. திரும்பிப் போற டிக்கட்டும் கையோட.

பிள்ளைக்கு அப்ப பத்து வயசு. கட்டிலுக்கு அடியில போகல. ஆனா அதை விட மோசமா ஒண்ணு செஞ்சா, மரியாதை குடுத்தா. என்கிட்ட "பெரியம்மா, நீ போ, உன்னோட டூ"ன்னு மல்லுக்கு நிக்கிறவ, பெத்தவகிட்ட "வாங்கம்மா, உக்காருங்க, தேத்தண்ணி குடிச்சீங்களா"ன்னு கேக்கிறா. வீட்டுக்கு வந்த இன்ஸ்பெக்டரைக் கேக்கிற மாதிரி. தங்கச்சி முகம் சுண்டிப் போயிரும்.

ஒருநாள் வெங்காயம் உரிச்சுக்கிட்டே சொன்னா. "அக்கா, அவ என்கிட்ட வந்து ஒரு தடவை பசிக்குதுன்னு கேக்கணும். அது போதும் எனக்கு. அங்க அந்த வீட்டுல மூணு பிள்ளைங்க. பசிச்சா அதுங்க பெத்தவகிட்ட போறதில்ல, என்கிட்டத்தான் வந்து நிக்கும். நான் பெத்தது மட்டும் என்னைக் கேக்க மாட்டேங்குது."

"கேப்பா, கேப்பா. எங்க போயிடப் போறா"ன்னு சொல்லி வச்சேன். அவ எப்படிக் கேப்பா? நான் விட்டாத்தானே! ஸ்கூல் விட்டு வந்து தோள்ல இருந்து பேக் இறங்குறதுக்கு முந்தி நான் தட்டை வச்சிருவேன். அந்தப் பிள்ளைக்குப் பசிக்கிறதுக்கு நான் நேரமே குடுத்ததில்ல. தங்கச்சி வந்த பிறகு இன்னும் கொஞ்சம் வேகமா வச்சேன். ஏன்னு கேக்காதீங்க. சரி, கேட்டாலும் சொல்லிடறேன். பயம். பிள்ளை அந்தப் பக்கம் சாஞ்சிருவாளோன்னு பயம்.

தங்கச்சி ஒண்ணும் முட்டாள் இல்ல. "உன் அடுப்படி இருக்கிற இடத்துல அவ என்னைத் தேட மாட்டாக்கா. ரெண்டு நாளைக்கு எங்கயாவது வெளிய போவோம்"னா. அப்படித்தான் பார்க் கதை தொடங்குச்சு. அவ கேட்டது அடுப்படி இல்லாத ஒரு இடம், அவ்வளவுதான்.

இதுல எங்க வீட்டுக்காரரு மூக்கை நுழைச்சாரு. அவருக்குத் தலவாக்கலையில இரும்புக் கடையில வேலை. ஆணிக்கும் திருகாணிக்கும் நடுவுல இருந்து இருந்து, உலகத்துல எதைப் பார்த்தாலும் அவருக்கு லாபம் நட்டம்தான். ஒண்ணு வாங்கினா ஒண்ணு சும்மான்னு போட்டிருந்தா பல்லுவலி மருந்தைக்கூட வாங்கி வந்துருவாரு, வலி பிறகு வரும்னு. அந்த மனுசன் ராவும் பகலும் போனைத் தடவித் தடவி, "செவ்வாய் புதன் எடுத்தா தள்ளுபடி. சாப்பாட்டோட எடுத்தா இன்னும் தள்ளுபடி"ன்னு கண்டுபிடிச்சாரு.

"மச்சான், சாப்பாடு வேணாமே. நாங்களே ஏதாவது பார்த்துக்குவோம்"னு தங்கச்சி மெதுவா சொல்லிப் பார்த்தா.

"உனக்கு ஒண்ணும் தெரியாது, பேசாம இரு. உள்ள போய்த் தனித்தனியா வாங்கினா தோலை உரிச்சிருவான். இதுல திங்கத் திங்கக் குடுப்பான்."

சல்லி யாரோடது? என் தங்கச்சியோடது. ஊரான் வீட்டு நெய்யே, என் பொண்டாட்டி கையேன்னு சும்மாவா சொன்னாங்க! நானும் வாயை மூடிக்கிட்டுத்தான் இருந்தேன். ரெண்டு நாள் அடுப்பு ஊதாம இருக்கலாமேங்கிற ஆசை எனக்கும் இருந்துச்சு.

செவ்வாய்க்கிழமை விடியக் காலையில அடுப்படியில சத்தம் கேட்டு எந்திரிச்சுப் போனா, தங்கச்சி மா பிசைஞ்சுக்கிட்டு இருக்கா. நான் உள்ள கால் வச்சதும், "அக்கா, இன்னைக்கு மட்டும் நீ வராத"ன்னு சொல்லிட்டா. கெஞ்சுற மாதிரித்தான் சொன்னா, இருந்தாலும் எனக்குச் சுருக்குன்னுச்சு. வாசல்படியில உக்காந்து பார்த்துக்கிட்டு இருந்தேன்.

எங்க ஆளுங்க ரொட்டி கட்டாம எந்தப் பயணமும் போனதில்ல. டிக்கோயா ஆஸ்பத்திரிக்குப் போனாலும் ரொட்டி. மஸ்கெலியாவுல கல்யாணத்துக்குப் போனாலும் ரொட்டி, அங்க பந்தியில சோறு போடுவாங்கன்னு நல்லாத் தெரிஞ்சும் ரொட்டி. தங்கச்சி அன்னைக்குச் சுட்டது பன்னிரண்டு. தேங்காய்ப்பூ போடல, போட்டா மறுநாள் ஊசிரும். கூடவே வெங்காயமும் மிளகாயும் இடிச்ச சம்பல். செவ்வாயாச்சேன்னு அதுல மாசிக் கருவாடு போடல. அப்பவாவது எங்க மண்டையில உறைச்சிருக்கணும். உறைக்கல.

"சாப்பாட்டுக்குக் கட்டியாச்சு, ரொட்டி எதுக்கு? ஆளுங்க பார்த்தா சிரிப்பாங்க"ன்னாரு வீட்டுக்காரரு.

"வழியில பிள்ளைக்குப் பசிச்சா மச்சான்"னா தங்கச்சி. எனக்கு மட்டும்தான் அவ என்ன சொல்றான்னு விளங்குச்சு.

எங்க ஊர் வட்டகொடையில இருந்து வேன் பிடிச்சுப் போனோம். வழியில பிள்ளைக்குப் பசிக்கல. வளைவு வளைவா ஏறினதுல தூங்கிட்டா. பார்க் வாசல்ல இறங்கினா, செக்யூரிட்டி ஐயா ஒருத்தரு மேசை போட்டு உக்காந்திருக்காரு. எல்லார் பையையும் திறந்து காட்டணுமாம். எங்க ரொட்டிப் பொட்டலத்தைத் தூக்கி, மோந்து பார்த்து, சிங்களத்துல இது என்னன்னாரு. ரொட்டின்னோம். வெளிச் சாப்பாடு உள்ள போகாதுன்னாரு. என் கைப்பையில எப்பவும் ஒரு பிஸ்கட் பக்கெட் இருக்கும், பிள்ளைக்காக. அதையும் எடுத்துக்கிட்டாரு.

எனக்கு வந்துச்சே கோவம்! "இது பிள்ளைக்கு வச்சிருக்கிற ரொட்டி. வெடிகுண்டா வச்சிருக்கோம்?"னு சிங்களத்துல தொடங்கி, சிங்களம் தீர்ந்து போய்த் தமிழ்ல முடிச்சேன். அந்த மனுசன் அசையல. ஒரு நம்பர் தகட்டைக் கையில குடுத்து, போகும்போது வாங்கிக்கங்கன்னாரு. அந்தக் காலத்துல ஃபெக்டரி வேலை முடிஞ்சு வெளிய வர்றவங்க மடியில தேயிலை இருக்கான்னு தடவிப் பார்ப்பாங்க. இப்ப உள்ள போறவங்க மடியில ரொட்டி இருக்கான்னு பார்க்கிறாங்க. நாடு முன்னேறிருச்சு, யார் இல்லேங்கிறது?

தங்கச்சி பொட்டலம் அலமாரிக்குள்ள போற வரைக்கும் அதையே பார்த்துக்கிட்டு நின்னா. அதுக்குள்ள ஒரு பொண்ணு வந்து எங்க நாலு பேரு கையிலயும் ஆரஞ்சு கலர்ல பட்டியை மாட்டிட்டா. கழட்ட முடியாதாம், போகும்போது கத்தரிக்கோலால வெட்டுவாங்களாம்.

மத்தியானம் சாப்பாட்டு ஹோல் வாசல்ல ஒரு மிசின் நின்னுச்சு. பட்டியை அதுல காட்டினா பச்சை லைட் எரிஞ்சு 'டிங்'னு ஒரு சத்தம் வரும். பிள்ளைக்குச் சந்தோசம் தாங்கல. அவ்வளவுதான், அந்த நிமிசத்துல இருந்து அவ யார்கிட்டயும் ஒண்ணும் கேக்கல. எதுக்குக் கேக்கணும்? கையைத் தூக்கினா சோறு, கையைத் தூக்கினா கேக்கு, கையைத் தூக்கினா ஐஸ்கிரீம். பெரியம்மாவும் வேணாம், அம்மாவும் வேணாம். தங்கச்சி சோறும் பருப்பும் பிசைஞ்சு ஒரு தட்டுல எடுத்துக்கிட்டு அவ பின்னாடியே போனா.

"நான் எடுத்துக்கிட்டேன்ம்மா, நீங்க சாப்பிடுங்க"ன்னு பிள்ளை சொல்லிட்டு அடுத்த மேசைக்கு ஓடிட்டா.

தங்கச்சி வந்து உக்காந்தா. உக்காந்தாளே ஒழிய, இருக்க முடியல. சாப்பிட்டு முடிக்கிறதுக்குள்ள எந்திரிச்சு, எங்க தட்டு, பக்கத்து மேசைக்காரங்க தட்டு எல்லாத்தையும் அடுக்கத் தொடங்கிட்டா. அங்க வேலை செய்ற பொண்ணு ஓடி வந்து, "ஐயோ அக்கா, வைங்க வைங்க, இது எங்க வேலை"ன்னுச்சு.

"எனக்கும் இதுதான்மா வேலை"ன்னா தங்கச்சி.

பேச்சை மாத்தணும் எனக்கு. ஒரு தேத்தண்ணி குடிச்சா சரியாப் போகும்னு அந்தப் பொண்ணுகிட்டக் கேட்டேன். தேத்தண்ணி பெக்கேஜ்ல இல்லீங்களாம்! சிவப்பு, பச்சை, மஞ்சள்னு கலர் தண்ணி எத்தனை கிளாஸும் குடிக்கலாமாம். தேத்தண்ணி காலைச் சாப்பாட்டோட மட்டும்தானாம், மற்ற நேரத்துல குடிச்சா தனிக் காசாம். அந்த ஹோல்ல சுவர் முழுக்கக் கண்ணாடி. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கண்ணுக்கு எட்டின தூரம் தேயிலை. நான் கையை நீட்டிக் காட்டினேன். "அது என்னம்மா? புல்லா?"

அந்தப் பொண்ணு சிரிப்பை அடக்கிக்கிட்டு, "நான் அந்த மலைத் தோட்டம்தான் அக்கா. எனக்கே இங்க ஒரு கோப்பை குடுக்க மாட்டாங்க"ன்னுச்சு.

பின்னேரம் 'கொழுந்து பறிக்கலாம் வாங்க'ன்னு ஒரு விளையாட்டு வேற. வந்தவங்களுக்கெல்லாம் கூடையை மாட்டி, நெத்தியில பொட்டு வச்சு, போட்டோ எடுக்கிறாங்க. கொழும்புப் பக்கத்து அம்மா ஒருத்தங்க கூடைக் கயித்தைக் கழுத்துல மாட்டிக்கிட்டு மூச்சுத் திணறிக்கிட்டு நின்னாங்க. தங்கச்சிதான் போய் அதைத் தலைக்கு ஏத்தி விட்டா. வெளிநாடு போகிறதுக்கு முந்தி ரெண்டு வருசம் கொழுந்து பறிச்சவதானே அவ. எங்களைக் கூட்டிக்கிட்டு வந்த பார்க் ஆளு, இங்க பெண்கள் சந்தோசமாப் பாட்டுப் பாடிக்கிட்டே கொழுந்து பறிப்பாங்கன்னு சொல்லிக்கிட்டு இருந்தாரு. பாட்டுப் பாடினா கொழுந்து நிறுக்கிற தராசு நிறை கூடக் காட்டுமான்னு கேட்டேன். எங்க வீட்டுக்காரரு என் கையைப் பிடிச்சு இழுத்துக்கிட்டுப் போயிட்டாரு.

அவருக்கு அவசரம், ராச் சாப்பாட்டுக்கு. பகல்ல சோறு பருப்போட நிறுத்தி, அதுக்குன்னு வயித்துல இடம் வச்சிருந்தாரு. விளம்பரத்துல அவரு பெருவிரலால தடவித் தடவிப் பார்த்ததெல்லாம் அந்தச் சாப்பாட்டைத்தான். உள்ள போனா பொய் சொல்லப்படாது, நெருப்புல கோழி, தட்டு நிறைய இறால், ஒரு பெரிய நண்டு காலை மடிச்சு உக்காந்திருக்கு. இவரு தட்டை எடுத்தாரு. இடுக்கியைக் கோழிக்கு மேல கொண்டு போனாரு.

"மச்சான், இன்னைக்குச் செவ்வாய்"னா தங்கச்சி.

இடுக்கி அந்தரத்துல நின்னுருச்சு. எங்க வீட்டுல செவ்வாயும் வெள்ளியும் கவுச்சி கிடையாது. நான்கூட ஒரு சமயம் விட்டுக் குடுப்பேன், அவரு குடுக்க மாட்டாரு. ஒருக்கா ஒரு வெள்ளிக்கிழமை கடையில யாரோ குடுத்த கட்லட்டை மறந்து தின்னுட்டு, அன்னைக்கே படியில சறுக்கி விழுந்து மூணு வாரம் நொண்டினாரு. அதுல இருந்து சாமியோட விளையாட்டு இல்ல. தள்ளுபடி கிடைக்குதுன்னு செவ்வாயைப் பிடிச்ச மனுசனுக்கு அது கவுச்சி ஆகாத நாள்னு தோணாமப் போச்சே! கைக்கு எட்டினது வாய்க்கு எட்டல.

மரக்கறிப் பக்கம் போனோம். லீக்ஸ், கரட், கோவா, பீட்ரூட், உருளைக்கிழங்கு. எங்க லயத்து வீட்டுக்குப் பின்னாடி விளையிற அத்தனையும் வரிசையா நிக்குது, ஒவ்வொண்ணுக்கும் பக்கத்துல இங்கிலீஷ்ல பேர் எழுதின அட்டையோட. கொல்லன் தெருவுல ஊசி விக்கிறதுன்னா இதுதான். முன்காசு கட்டி, மலை ஏறிப் போய், லீக்ஸ் சுண்டல் தின்னுட்டு வந்தவங்க நாங்க. வீட்டுக்காரரு அதோட விட்டாரா? மேனேஜரைக் கூப்பிட்டு, "ஐயா, இந்தக் கோழியை நாளைக்கு மாத்திக்கலாமா?"ன்னு சிங்களத்துல ரொம்பப் பணிவாக் கேட்டாரு. அந்த மனுசன் இப்படி ஒரு கேள்வியை அதுக்கு முந்தி கேட்டிருக்க மாட்டாரு. "முடியாதுங்க"ன்னு சொல்ல அவருக்கே கொஞ்ச நேரம் எடுத்துச்சு.

பிள்ளை மட்டும் கையைத் தூக்கித் தூக்கி மூணு ஐஸ்கிரீம் வாங்கினா. தங்கச்சி அதையும் பார்த்துக்கிட்டு இருந்தா.

மறுநாள் புதன். விட்டதை எல்லாம் காலைச் சாப்பாட்டுல பிடிச்சிரணும்னு வீட்டுக்காரருக்கு வைராக்கியம். ஹோல் திறக்கிறது ஏழரைக்கு. நாங்க ஆறரைக்கே கதவுக்கு முன்னாடி. அதுவும் எப்படி நின்னோம்? ஒருத்தருக்குப் பின்னாடி ஒருத்தரு, கை அளவு இடம் விட்டு. வீட்டுக்காரரு முன்னாடி, நான், பிள்ளை, தங்கச்சி. யாரும் சொல்லல, காலு தானா அப்படி நின்னுக்கிச்சு. தோட்டத்துல விடியக் காலையில பேர் குடுக்க வரிசையா நிக்கிற பெரட்டு இருக்கே, அது எங்க ரத்தத்துல ஊறினது. எங்களைப் பார்த்துட்டு ஒரு கொழும்புக் குடும்பம் பின்னாடி வந்து நின்னுச்சு, ஏதோ குடுக்கப் போறாங்கன்னு. அதைப் பார்த்துட்டு இன்னொண்ணு. ஏழரைக்கு அந்தப் பொண்ணு கதவைத் திறந்தப்ப நடைபாதை முடியிற வரைக்கும் வரிசை. பேர் எழுதக் கங்காணி ஒருத்தருதான் குறைச்சல். அந்தப் பொண்ணு பயந்து ஒரு எட்டுப் பின்னால போயிருச்சு.

உள்ள போனதும் வீட்டுக்காரரு தனக்கு ஒரு தட்டு, பிள்ளைக்கு ஒரு தட்டு, ரெண்டுலயும் சொசேஜை மலையாக் குவிச்சாரு. "நேத்துக்கும் சேர்த்துச் சாப்பிடு தங்கம்"னு பிள்ளைக்குத் திணிச்சாரு. நான் தேத்தண்ணி குடிச்சேன், நாலு கோப்பை. கட்டின காசுக்கு இல்ல, கோவத்துக்கு.

அப்புறம் நேரா சுத்துற கோப்பை ராட்டினம். பெரிய பெரிய தேத்தண்ணிக் கோப்பைக்குள்ள பிள்ளைகளை உக்கார வச்சு, கிறுகிறுன்னு சுத்துறாங்க. அந்த இடத்துல தேத்தண்ணி இல்லாத கோப்பை மட்டும் ஏராளம். நானும் தங்கச்சியும் கம்பிக்கு வெளிய நின்னோம். மூணாவது சுத்துலயே பிள்ளை முகம் பச்சையா மாறிருச்சு. நிப்பாட்டினதும் இறங்கி, வாயைப் பொத்திக்கிட்டு ஓடி வந்தா. தங்கச்சி முன்னால போய் ரெண்டு கையையும் நீட்டிக்கிட்டு நின்னா. பிள்ளை அவளைத் தாண்டி ஓடி வந்து என் வயித்துல முகத்தைப் புதைச்சு, மொத்த பெக்கேஜையும் என் சுடிதார்ல கொட்டினா.

சொல்ல வெக்கமா இருக்கு. உடுப்பு நாறிப் போய் நிக்கிறேன், எனக்கு உள்ளுக்குள்ள ஒரு சந்தோசம். என் பிள்ளை என்கிட்டத்தான் வந்தான்னு. நிமிர்ந்து பார்த்தா, தங்கச்சியோட நீட்டின கை இன்னும் நீட்டினபடியே நிக்குது. அடிப்பாவி, நீயெல்லாம் ஒரு அக்காவான்னு என்னையே கேட்டுக்கிட்டேன். அவ வந்து, ஒண்ணும் நடக்காத மாதிரி, என் உடுப்பைத் துடைச்சு விட்டா.

பகல் பன்னிரண்டுக்கு ஹோலுக்குப் போனா மிசின் சிவப்பு லைட் காட்டுச்சு. ரெண்டு நாள்னா ரெண்டு பகல் சாப்பாடு இல்லையாம். முதல் நாள் பகல்ல தொடங்கி மறுநாள் காலையோட முடிஞ்சிருமாம். விளம்பரத்துக்கு அடியில எறும்பு எழுத்துல போட்டிருக்காங்க. ஆணியோட நீளத்தைக் கண்ணால பார்த்தே சொல்ற மனுசன் அதைப் படிக்கல. நம்பிக்கை விடாம ஐஸ்கிரீம் மிசின், ஜூஸ் மிசின்னு ஒவ்வொண்ணுலயும் பட்டியைக் காட்டிக்கிட்டே போனாரு. எல்லாம் சிவப்பு. பிள்ளைக்கு வயிறு சரியில்ல, தண்ணி மட்டும் போதும்னுட்டா. வெளிய போய்ச் சாப்பிடலாம்னா, ராட்டின டிக்கட் நாலு மணி வரைக்கும் இருக்கு, விட முடியாதுன்னு இவரு. நாலு வரைக்கும் மூடுபனியில நடுங்கிக்கிட்டு, சுத்துறதையெல்லாம் சுத்தாமப் பார்த்துக்கிட்டு நின்னோம்.

வாசல்ல வந்து பட்டியை வெட்டினாங்க. நான் நம்பர் தகட்டைக் குடுத்தேன். செக்யூரிட்டி ஐயா பொட்டலத்தையும் பிஸ்கட் பக்கெட்டையும் திருப்பிக் குடுத்தாரு. முடிச்சுக்கூட அவிழல, மனுசன் நேர்மையானவருதான். பிஸ்கட்டை நான் என் கைப்பையில போட்டேன். ரொட்டியைத் தங்கச்சி கையில வாங்கிக்கிட்டா. திருப்பிக் கொண்டு போய் நாய்க்குப் போடணும்னாரு வீட்டுக்காரரு. அவ அதைத் தூக்கிக்கிட்டு வேன்ல ஏறிட்டா.

வேன்ல வீட்டுக்காரரு முன் சீட்டு. பின்னால நாங்க மூணு பேரு, பிள்ளை நடுவுல. நானுஓயா தாண்டின பிறகு மழை பிடிச்சுக்கிச்சு. வேன் ஊர்ந்து ஊர்ந்து போகுது. பிள்ளை என் தோள்ல சாஞ்சிருந்தா.

"பெரியம்மா, பசிக்குது."

என் கை தானாவே கைப்பை ஜிப்புக்குப் போச்சு. எட்டு வருசப் பழக்கம். அப்பதான் தங்கச்சி திரும்பினா. பிள்ளையைப் பார்க்கல, என் கையைப் பார்த்தா. மடியில இருந்த பொட்டலத்தை ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கிட்டு அப்படியே இருந்தா.

நான் கையை எடுத்துட்டுக் கண்ணை மூடிக்கிட்டேன்.

"பெரியம்மா… பெரியம்மா…"ன்னு பிள்ளை உலுக்குறா. தூங்குறவளை எழுப்பலாம், தூங்குற மாதிரி நடிக்கிறவளை யாரால எழுப்ப முடியும்? முன் சீட்டுல இருந்து இவரு, "தலவாக்கலையில கடையில நிப்பாட்டி…"ன்னு வாயைத் திறந்தாரு. கண்ணை மூடினபடியே சீட்டு முதுகுல ஓங்கி ஒரு உதை விட்டேன். மனுசன் கப்சிப்.

கேளுடி, அந்தப் பக்கம் திரும்பிக் கேளுன்னு மனசுக்குள்ள கத்துறேன். கேக்காம இருந்தாத் தேவலையேன்னு அதே மனசு இன்னொரு பக்கம் சொல்லுது.

"அம்மா… பசிக்குதும்மா."

கடதாசி பிரிக்கிற சத்தம் கேட்டுச்சு. பிரிக்க ரொம்ப நேரம் எடுத்துச்சு. அப்புறம் ரொட்டி ஒடியிற சத்தம். பிய்யிற சத்தம் இல்ல, ஒடியிற சத்தம்.

"கல்லு மாதிரி இருக்கு"ன்னா பிள்ளை.

"நேத்துச் சுட்டது தங்கம். கஷ்டமா இருந்தா வேணாம், வை."

"இல்ல, குடு. சம்பல் இருக்கா?"

நான் கண்ணைத் திறக்கல. எட்டு வருசமா இடுப்புல இருந்ததை யாரோ எடுத்துக்கிட்ட மாதிரி இருந்துச்சு. அங்க லேசாவும் இருந்துச்சு, வலிக்கவும் வலிச்சுச்சு. பிள்ளை மூணாவது ரொட்டி கேட்டப்ப தங்கச்சி மூக்கை உறிஞ்சுறது கேட்டுச்சு. முன்னால இருந்து ஒரு கை பின்னால நீண்டு, "எனக்கும் ஒண்ணு குடு"ன்னுச்சு. தலவாக்கலை வர்றதுக்குள்ள பன்னிரண்டும் முடிஞ்சுருச்சு. எனக்கு ஒண்ணும் மிச்சம் வைக்கல. தூங்குறவளுக்கு யாரு வைப்பாங்க?

ரெண்டு வாரத்துல தங்கச்சி திரும்பிப் போயிட்டா. போகாதடின்னு சொன்னேன். நான் கட்டத் தொடங்கின வீடு கூரை இல்லாம நிக்குதேக்கான்னா. ஏர்போர்ட்ல பிள்ளை அவ கழுத்தைக் கட்டிக்கிட்டு விடல. முன்னால ரெண்டு தடவை போனப்ப அந்தத் தொல்லை இருக்கல. அழாமப் போன தங்கச்சி, இந்தத் தடவை அழுதுக்கிட்டே போனா.

ஸ்டாஃப் ரூம்ல கேக்கிறவங்களுக்கு நான் இப்படித்தான் சொல்றேன்: "சாப்பாடில்லாம எடுங்க. செவ்வாய் வெள்ளியில போகாதீங்க. தேத்தண்ணியை வீட்டுலயே குடிச்சுட்டுப் போங்க. ரொட்டி கட்டிக்கிட்டுப் போங்க, வாசல்ல பறிப்பாங்க, பறிக்கட்டும். நம்பர் தகட்டை மட்டும் தொலைச்சிராதீங்க." டீச்சருக்கு எப்பவும் விளையாட்டுத்தான்னு சிரிச்சுட்டுப் போயிட்டு, சாப்பாட்டோடயே எடுக்கிறாங்க.

பிள்ளை இப்பவும் ஸ்கூல் விட்டு என் வீட்டுக்குத்தான் வர்றா. நான் இப்பவும் தட்டோட நிக்கிறேன். அவ பேக்கை இறக்கி வச்சுட்டு, என்னைத் தாண்டிப் போய் போனை எடுக்கிறா. அங்க தங்கச்சி அந்த வீட்டு அடுப்படியில மா டின்ல போனைச் சாய்ச்சு வச்சுட்டு, அந்த மூணு பிள்ளைங்களுக்கும் ஆக்கிக்கிட்டு இருப்பா.

"அம்மா, பசிக்குது."

"பெரியம்மாகிட்ட கேளு தங்கம். பெரியம்மா போடுவாங்க."

"அது எனக்குத் தெரியும். உன்கிட்டத்தான் சொல்றேன்."

அவ சொல்லி முடிக்கட்டும்னு நான் தட்டோட நிக்கிறேன். சோறு ஆறிப் போகுது.